மழை நாள் கணக்கு: மெம்ஃபிஸ், 1968

எனக்குச் சோறு போடுவது வருகைப் பதிவு மென்பொருள். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், அதற்கு எவ்வளவு சம்பளம் என்று கணக்குப் போடுகிற நிரல். பல வருஷமாக இதே வேலை என்பதால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது. சம்பளத் தகராறு என்று வந்தால் எல்லோரும் தொகையைத்தான் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் தொகையில் இருக்காது, அந்தத் தொகையைக் கணக்கிடும் விதியில் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரின் விதிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறிப்பிட்ட வகை ஊழியர்களுக்கு மட்டும் இரண்டு விதிகள் இருந்தன. சீக்கிரம் கிளம்பினால் அந்த நேரத்துக்குச் சம்பளப் பிடித்தம். தாமதமாகக் கிளம்பினால் ஓவர்டைம் பூஜ்யம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே எல்லா இடத்திலும் இருக்கிற விதிகள்தான். பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், மெம்ஃபிஸ்.

மெம்ஃபிஸ் என்றால் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் என்று நமக்குத் தெரியும். குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தர அங்கே போயிருந்தார் என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் அந்தத் தொழிலாளர்கள் எதற்காக வேலையை நிறுத்தினார்கள்? அவர்களுடைய சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது? இந்தக் கேள்வியோடு பழைய விவரங்களைத் திரும்பவும் புரட்டினேன். கிடைத்தவற்றை ஒரு ஒழுங்கில் எழுதி வைக்கலாம் என்று இந்தக் குறிப்பு.

இரண்டு விதிகள்

மெம்ஃபிஸ் அமெரிக்காவின் தெற்கே, டென்னசி மாநிலத்தில், மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது. பருத்தி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். 1960-களின் கடைசியில் ஜனத்தொகை 5 லட்சத்துக்கு மேல். அதில் ஐந்தில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். நகரத்தின் குப்பை அள்ளுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பர்கள், மேற்பார்வையாளர்கள் வெள்ளையர்கள்.

அங்கே வீட்டுக்காரர்கள் குப்பையைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். தொழிலாளிதான் கொல்லைப்புறம் வரைக்கும் போய், தொட்டியில் இருப்பதைத் தன்னிடம் இருக்கும் பெரிய டப்பில் கொட்டி, தலையிலோ தோளிலோ சுமந்து வண்டிக்குக் கொண்டுவர வேண்டும். டப் ஓட்டையாக இருக்கும். உள்ளே இருக்கிற தண்ணீர் தலையிலிருந்து முதுகு வரைக்கும் வழியும். புழுக்கள் சட்டைக்குள் விழும். கை கால் கழுவ இடம் கிடையாது. வீட்டுக்குள் நுழைவதற்கு முன் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டதாகப் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

சம்பளம் மணிக்குச் சுமார் 1.60 டாலரில் தொடங்கி 1.80 டாலரை ஒட்டி இருந்தது. இப்போது விதிகளுக்கு வருவோம்.

முதல் விதி மழைக்கானது. மழை பெய்தால் மேற்பார்வையாளர் தொழிலாளிகளை வீட்டுக்கு அனுப்பலாம். வந்து தலைகாட்டியதற்கு இரண்டு மணி நேரச் சம்பளம் மட்டும் உண்டு. 1968 ஜனவரிக் கடைசியில் இப்படித்தான் நடந்தது. சாக்கடைப் பிரிவில் வேலை பார்த்த இருபது சொச்சம் கறுப்பினத் தொழிலாளிகளை மழையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அதே பிரிவின் வெள்ளையர்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. அவர்களுக்கு முழு நாள் சம்பளம்.

இரண்டாவது விதி பாதைக்கானது. ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனை தெரு என்று கணக்கு. அது முடியும் வரைக்கும் வேலை செய்ய வேண்டும். குப்பை அதிகமாகி எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலும் கூடுதல் சம்பளம் கிடையாது.

அதாவது, வேலை குறைந்தால் நீ மணிக்கூலி ஆள். வேலை கூடினால் நீ நாள்கூலி ஆள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல, மழை பெய்தாலும் நஷ்டம், குப்பை கூடினாலும் நஷ்டம். நேரத்தால் வருகிற நஷ்டம் நகராட்சியின் பக்கம் விழவே விழாதபடி அமைந்த கணக்கு.

இதன் அளவு என்ன என்று போட்டுப் பார்த்தேன். நடுவில் இருக்கும் 1.70 டாலரை எடுத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரம் என்றால் 68 டாலர். வருஷத்தில் 52 வாரமும் ஒரு நாள்கூட விடாமல் வேலை செய்தால் 3,536 டாலர். 1968-இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அமெரிக்க அரசு வகுத்திருந்த வறுமைக்கோடு 3,553 டாலர். ஒரு மழை நாளில் இரண்டு மணி நேரச் சம்பளத்தோடு திருப்பி அனுப்பினால் 10 டாலர் 20 சென்ட் போச்சு. அந்த வாரச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். முழுநேர வேலை பார்த்துக்கொண்டே அரசின் ஏழைகள் உதவித்தொகைக்குத் தகுதி பெறும் நிலையில் பல குடும்பங்கள் இருந்தன என்பதில் ஆச்சரியம் இல்லை.

சட்டம் எங்கே போனது?

இங்கே ஒரு கேள்வி வரும். அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிக்கும் ஓவர்டைமுக்கும் 1938-லேயே சட்டம் வந்துவிட்டதே? வந்தது. ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் சட்டம் என்று பெயர். வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்ற ஏற்பாடு அதன் வழியாக வந்ததுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் 'முதலாளி' என்பதற்கான விளக்கத்தில் மாநில அரசுகளும் நகராட்சிகளும் சேரவில்லை. சங்கம் அமைத்துப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமையைத் தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கதை. தனியார் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு இருந்த உரிமை, நகரத்துக் குப்பையை அள்ளுபவருக்கு இல்லை. அவருக்கு முதலாளி அரசாங்கமாக இருந்ததுதான் காரணம்.

ஆகவே சங்கம் வைப்பதே பெரும்பாடு. 1963-இல் டி. ஓ. ஜோன்ஸ் என்ற தொழிலாளி முயற்சி எடுத்தார். அவரையும் சேர்த்து 33 பேரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவர் விடவில்லை. அரசு, நகராட்சி ஊழியர்களுக்கான தேசியச் சங்கமான ஆஃப்ஸ்மியின் கிளை ஒன்றைத் தொடங்கினார். கிளையின் எண் 1733. வேலை இழந்த அந்த 33 பேரின் நினைவாக அமைந்த எண் அது. 1966-இல் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். நகராட்சி நீதிமன்றத் தடை வாங்கிவிட்டது. அதோடு அடங்கிப்போனது.

பிப்ரவரி 1

1968 பிப்ரவரி 1, வியாழக்கிழமை. நல்ல மழை. வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியில் ஐந்து பேர். முன்பக்கம் எல்லோருக்கும் இடம் போதவில்லை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் பின்னால் குப்பையை அமுக்கும் பகுதிக்குள் ஒதுங்கினார்கள். ஏன், ஏதாவது வீட்டு வாசலில் ஒதுங்கியிருக்கக் கூடாதா? கூடாது. வெள்ளையர் குடியிருப்புகளில் குப்பைக்காரர்கள் இப்படி நிற்பதைப் பற்றிப் புகார்கள் வந்ததால் அதற்கும் தடை இருந்தது.

வண்டி பழையது. மாற்றச் சொல்லிச் சங்கத்தார் முன்பே கேட்டிருந்த வகை. மின்கோளாறில் அமுக்கும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்தது. ஓட்டுநர் நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை. இருவரும் உள்ளேயே நசுங்கி இறந்தார்கள். கோலுக்கு வயது 36, வாக்கருக்கு 30. வாக்கரின் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தார்.

நகராட்சியின் பதிவேட்டில் இவர்கள் மணிக்கூலி ஆட்கள். நிரந்தரப் பட்டியலில் இல்லாதவர்கள். அதனால் விபத்து இழப்பீட்டுத் திட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. குடும்பங்களுக்குக் கிடைத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மழை நாளில் எத்தனை மணி நேரச் சம்பளம் என்று தீர்மானித்த அதே 'மணிக்கூலி' என்ற ஒரு கட்டம்தான், செத்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதையும் தீர்மானித்திருக்கிறது. எங்கள் மென்பொருளிலும் 'ஊழியர் வகை' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே ஒரு எழுத்துதான் அதில் இருக்கும்.

65 நாட்கள்

பிப்ரவரி 12, திங்கட்கிழமை. ஏறத்தாழ 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. மேலிடத்துச் சங்கத் தலைவர்களுக்கே இது எதிர்பாராதது. குப்பை வேலைநிறுத்தம் என்றால் வெயில் காலத்தில் வைப்பார்கள், அப்போதுதான் நாற்றம் ஊரைக் கேட்க வைக்கும். குளிர்காலத்தில், அதுவும் புது மேயர் வந்து ஆறு வாரம்கூட ஆகாத நேரத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். இவர்கள் உத்தி பார்த்து இறங்கவில்லை.

அப்போதுதான் நியூயார்க்கில் குப்பைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்திருந்தது. ஆனால் மெம்ஃபிஸ் மேயர் ஹென்றி லோப் இறங்கி வருகிற ஆள் இல்லை. இவர் 1950-களில் நகரத்தின் பொதுப்பணித் துறையைப் பார்த்துக்கொண்டவர், குப்பை அள்ளும் வேலை அந்தத் துறையின் கீழ்தான் வரும். நகராட்சி ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம், வேலைக்குத் திரும்பினால்தான் பேச்சு, சங்கத்தோடு ஒப்பந்தம் கிடையாது, சம்பளத்திலிருந்து சங்கச் சந்தாவைப் பிடித்துக் கொடுக்கவும் முடியாது. இதுதான் அவர் நிலை. வெளி ஆட்களை வைத்துக் குப்பை அள்ள ஏற்பாடு செய்தார்.

சந்தா பிடித்தம் சின்ன விஷயம் போலத் தோன்றலாம். அதில்தான் பேச்சு வாரக்கணக்கில் சிக்கி நின்றது. கையில் வாங்கும் கூலியிலிருந்து மாதாமாதம் சந்தா வசூலிப்பது என்றால் பட்டினி விளிம்பில் இருக்கிறவர்களிடம் சங்கம் நிற்காது. சம்பளப் பட்டியலிலேயே பிடித்தால் நிற்கும். மேயருக்கும் இது தெரியும், தொழிலாளிக்கும் தெரியும்.

பிப்ரவரி 23-இல் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்திக் கண்ணெரிச்சல் மருந்து அடித்தது. உடன் நடந்த பாதிரியார்களும் தப்பவில்லை. அதுவரை ஒதுங்கியிருந்த கறுப்பினத் தேவாலயங்கள் மறுநாளே ஒன்றுகூடி ஒரு குழு அமைத்தன. அதன் முன்னணியில் நின்றவர் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார். கொரியப் போரின்போது ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். பிறகு 1953 முதல் 1956 வரை நம் நாக்பூரில், ஹிஸ்லாப் கல்லூரியில் இருந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தை அங்கே தங்கிப் படித்தார். மெம்ஃபிஸுக்கு வரும்படி கிங்கை அழைத்தவர் இவர்தான்.

தொழிலாளிகள் கழுத்தில் மாட்டிக்கொண்ட அட்டை உலகப் பிரசித்தம்: 'ஐ ஆம் எ மேன்'. நான் ஒரு மனிதன். கூலி ஏற்றம் கேட்கிற போராட்டத்தில் ஏன் இந்த வாசகம் என்று அமெரிக்கர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாம். ஐம்பது வயதுக் கறுப்பரை இருபது வயது மேற்பார்வையாளன் 'பாய்', அதாவது பையா என்று கூப்பிடுவான். அப்பா வயசுக்காரரை 'டேய்' போட்டுக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த அட்டை உடனே புரியும்.

மார்ச் 18-இல் கிங் வந்து, மேசன் டெம்பிள் என்ற பெரிய தேவாலய மண்டபத்தில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்தில் பேசினார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸால் சுடப்பட்டு இறந்தான். மறுநாள், நகரத்தில் ராணுவ டாங்கிகள் நிற்க, துப்பாக்கி முனைகளுக்குப் பக்கத்தில் அதே அட்டைகளோடு தொழிலாளிகள் வரிசையாக நடந்தார்கள். அமைதியாக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்ட வேண்டும் என்று கிங் திரும்பி வந்தார். ஏப்ரல் 4 மாலை லொரெய்ன் மோட்டல் மாடியில் சுடப்பட்டார். ஏப்ரல் 8-இல் அந்த ஊர்வலத்தை அவர் மனைவி கொரெட்டா நடத்தினார். பல்லாயிரக்கணக்கானோர் சத்தமே இல்லாமல் நடந்தார்கள்.

ஏப்ரல் 16-இல் உடன்பாடு. வேலைநிறுத்தத்தின் 65-ஆம் நாள்.

என்ன கிடைத்தது?

மே 1 முதல் மணிக்கு 10 சென்ட். செப்டம்பர் 1 முதல் இன்னொரு 5 சென்ட். சங்கத்துக்கு அங்கீகாரம். குறை சொல்லி முறையிட ஒரு நடைமுறை. பதவி உயர்வில் நிறம் பார்க்கக் கூடாது. சந்தாவை நகராட்சி நேராகச் சங்கத்துக்குத் தராது, ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம் வழியாகப் போகும். மேயரின் பிடிவாதத்துக்கும் சங்கத்தின் தேவைக்கும் நடுவே கண்டுபிடித்த சந்து அது.

நிதியாண்டு முடியும் ஜூன் 30 வரைக்கும் ஏற்றத்துக்குப் பணம் இல்லை என்றது நகராட்சி. உள்ளூர் மருந்துத் தொழிலதிபர் ஏப் ப்ளவ், தன் பெயரை வெளியே சொல்லாமல் 60,000 டாலர் கொடுத்து அந்த இடைவெளியை அடைத்தார். நான் கணக்குப் போட்டேன். 1,300 பேர், மணிக்கு 10 சென்ட், வாரம் 40 மணி, ஏறக்குறைய ஒன்பது வாரம்: 46,800 டாலர். ஐந்து லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஒரு நகரம், இந்தப் பணம் தன்னிடம் இல்லை என்றுதான் கடைசியில் சொன்னது.

இப்போது தொழிலாளியின் பக்கத்துக் கணக்கு. 1.70 டாலர்காரர் ஒன்பது வார வேலைநிறுத்தத்தில் இழந்தது சுமார் 612 டாலர். 15 சென்ட் ஏற்றம் முழுதாக வந்த பிறகு அவருக்கு வாரத்துக்கு 6 டாலர் கூடுதல். இழந்ததை எடுக்கவே 102 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகும். பலசரக்குக் கடைக் கணக்காகப் பார்த்தால் இது லாபமே இல்லாத வியாபாரம்.

அப்படியென்றால் ஜெயித்தது எது? எழுத்தில் ஒரு சங்கம், முறையிட ஒரு வழி. மறுபடியும் ஒரு மழை நாளில் திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்க ஓர் இடம் இருக்கும், கேட்டவன் வேலை போகாது. 15 சென்ட் ஒரு எண். எண்ணை யார் தீர்மானிப்பது என்ற விதியில் அவர்கள் கை வைத்ததுதான் பெரிசு என்று நினைக்கிறேன்.

வால் நீண்ட கதை

சட்டம் இதற்குப் பிறகும் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1974-இல் ஓவர்டைம் சட்டத்தை மாநில, நகராட்சி ஊழியர்களுக்கும் நீட்டினார்கள். 1976-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1985-இல் சான் அன்டோனியோ நகரப் பேருந்து நிர்வாகம் சம்பந்தப்பட்ட கார்சியா வழக்கில் அதே நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 1938-இல் வந்த உரிமை நகரத் துப்புரவுத் தொழிலாளியை நிலையாக வந்து சேர 47 வருஷம்.

இன்னொரு வாலும் உண்டு. 1968-இன் தொழிலாளிகள் பலர் நகராட்சிப் பென்ஷனுக்குள் வராமல், எல்லோருக்கும் பொதுவான சோஷியல் செக்யூரிட்டியோடு நின்றுவிட்டார்கள். அன்றைக்கு அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. வயதான காலத்தில் அது போதவில்லை. சிலர் ஓய்வு பெறவே முடியாமல் எண்பது வயதைத் தாண்டியும் குப்பை வண்டியில் வேலை பார்த்தார்கள். 2017-இல் நகராட்சி, உயிரோடு இருந்த அன்றைய போராட்டக்காரர்கள் 14 பேருக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தது. ஒரு பதிவேட்டுக் கட்டத்தில் அன்று விழுந்த குறி, அரை நூற்றாண்டு கழித்தும் அவர்கள் வீட்டு வரவு செலவில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஊரில் மழை என்றால் கதை நேரெதிர். மழை நாளில்தான் துப்புரவுப் பணியாளர்களுக்கு வேலை கூடும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பணியாளர்களைச் சென்னைக்குக் கூட்டி வந்தார்கள். நிரந்தரம், ஒப்பந்தம், தினக்கூலி என்று கட்டங்களும் இங்கே நிறைய. எந்தக் கட்டத்தில் யார், மழை நாளில் கூடுதலாக நின்ற நேரம் யார் கணக்கில் போகிறது என்று கேட்டுப் பார்த்தால், மெம்ஃபிஸ் அவ்வளவு தூரம் இல்லை என்று தெரியும்.

அந்த வாடிக்கையாளரின் விதிப் பட்டியல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு விதிகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டு, இது தெரிந்தே வைத்ததா என்று கேட்டு அனுப்பினேன். 'கேட்டபடி செய்யுங்கள்' என்று ஒரு வரி பதில் வந்தது. செய்தேன். நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஓவர்டைமுக்குப் பூஜ்யம் போட்டாலும், எத்தனை மணி நேரம் கூடுதலாக நின்றார் என்பது மாதச் சம்பளச் சீட்டில் அச்சாகும்படி விட்டிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் சொல்லவில்லை.